நாள்பட மந்தமாகும் தரவுத்தளம்: காரணத்தைத் தேடிப் பிடிக்கும் வழி

பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் மென்பொருள் திடீரென்று நின்றுபோனால், நேற்று என்ன மாற்றினோம் என்று கேட்டாலே பெரும்பாலும் பாதி வேலை முடிந்துவிடும். மாதக்கணக்கில் சிறிது சிறிதாக மந்தமாகும் மென்பொருளிடம் அந்தக் கேள்வி எடுபடாது. யாரும் எதையும் மாற்றியிருக்க மாட்டார்கள். தரவு பெருகியிருக்கும், ஆட்கள் கூடியிருப்பார்கள், அல்லது ஏதோ ஒன்று எங்கோ தேங்கிக் கிடக்கும். இவற்றில் எது என்று பிரித்தறிந்த பிறகுதான் கருவிகளை எடுக்க வேண்டும்.

பல ஆண்டுகளாக நான் செய்துவரும் வேலை இது. என் கைப்பழக்கம் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் என்பதால் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அதிலிருந்தே வரும். மைஎஸ்கியூஎல், எஸ்கியூஎல் சர்வர் வைத்திருப்பவர்களுக்கும் தேடும் வரிசை இதேதான். பார்க்கும் இடங்களின் பெயர்கள் மட்டும் மாறும்.

முதலில் ஒரு வேண்டுகோள்: சர்வரை உடனே மறுதொடக்கம் செய்யாதீர்கள். செய்தால் எல்லாம் வேகமாகிவிடும், எல்லோரும் நிம்மதி அடைவார்கள், சில நாட்களில் அதே நிலை திரும்பும். ஆனால் எந்த இணைப்பு எந்த டிரான்சாக்ஷனை (முழுவதும் நடக்க வேண்டும், அல்லது எதுவும் நடக்கக் கூடாது என்று சேர்த்துச் செய்யும் கட்டளைத் தொகுப்பை) திறந்து வைத்திருந்தது, யார் யாருக்காகக் காத்திருந்தார்கள் என்ற தடயம் முழுவதும் அழிந்துபோயிருக்கும். வரிசையில் மக்கள் நிற்கிறார்கள், வேறு வழியில்லை என்ற நிலையிலும் இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். இப்போது எந்த இணைப்பு என்ன செய்கிறது என்று காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி, பூட்டுகளைக் காட்டும் பிஜி_லாக்ஸ் இரண்டையும் அப்படியே ஒரு கோப்பில் கொட்டி வைத்துவிட்டுப் பிறகு மறுதொடக்கம் செய்யுங்கள். அந்தக் கோப்பு இல்லாமல் பின்னர் எவ்வளவு கேள்வி கேட்டாலும் ஊகம்தான் மிஞ்சும்.

புகாரை அளவாக மாற்றுங்கள்

"எல்லாமே மெதுவாக இருக்கிறது" என்று சொல்பவரிடம் எந்தத் திரை, எந்தப் பொத்தான், எந்த நேரம் என்று கேளுங்கள். இரண்டாம் முறை அதே பொத்தானை அழுத்தினால் வேகமாக வருகிறதா என்றும் கேளுங்கள். முடிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நாள் முழுவதும் அந்தத் திரையின் முன் இருப்பவருக்குத் தெரிந்தது எந்தக் கண்காணிப்புக் கருவிக்கும் தெரியாது. "பழைய வாடிக்கையாளர் பெயரைத் திறந்தால்தான் இழுக்கிறது, புதியவர் என்றால் உடனே வருகிறது" என்று ஒருவர் சொன்னால், உங்கள் வேலையில் பெரும்பகுதியை அவர் செய்து கொடுத்துவிட்டார் என்று பொருள்.

பிறகு ஒரே ஒரு செயலைத் தேர்ந்தெடுத்து, அதே தரவுடன் இரண்டு வேளைகளில் நேரம் பாருங்கள். ஒன்று, யாரும் வேலையைத் தொடங்காத அதிகாலை. மற்றொன்று, கூட்டம் உச்சத்தில் இருக்கும் நேரம். அதிகாலையிலும் மெதுவாக இருந்தால் தரவின் அளவு, தவறான செயல்திட்டம் (தரவை எந்த வழியில் தேடி எடுப்பது என்று தரவுத்தளம் போடும் திட்டம்), செத்த வரிசைகள் (அட்டவணையில் பயனற்றுக் கிடக்கும் பழைய பதிவுகள்) ஆகியவற்றில் ஒன்று. அதிகாலையில் வேகமாகவும் உச்ச நேரத்தில் மெதுவாகவும் இருந்தால் அது காத்திருப்பு: பூட்டு (ஒருவர் திருத்தி முடிக்கும்வரை மற்றவரை நிறுத்தி வைப்பது), இணைப்பு, சிபியு, வட்டு. மறுதொடக்கத்துக்குப் பின் வேகமாக இருந்து நாளாக நாளாக மந்தமானால் எதுவோ தேங்குகிறது: மூடப்படாத இணைப்பு, நீண்ட டிரான்சாக்ஷன், நினைவகக் கசிவு. விலை கொடுத்து வாங்கும் எந்தக் கருவியைவிடவும் இந்த ஓர் ஒப்பீட்டை நான் நம்புகிறேன்.

இதே கட்டத்தில் வலையமைப்பையும் சோதித்துவிடுங்கள். பயனர் கணினியிலிருந்து மிக எளிய குவெரி (தரவுத்தளத்துக்கு அனுப்பும் கேள்வி அல்லது கட்டளை) ஒன்றை அனுப்பி, போய்வர எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். ஒரு திரையைத் திறக்க மென்பொருள் 800 சின்னச் சின்னக் குவெரிகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பயணத்துக்கு 1 மில்லி விநாடி என்றால் மொத்தம் ஒரு விநாடிகூட ஆகாது. அதே திரையை 30 மில்லி விநாடி தொலைவிலிருந்து திறப்பவருக்கு 24 விநாடிகள். சர்வரில் எந்தக் குவெரியும் மெதுவானதாகத் தெரியாது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் ஒரு தனிக் குவெரி அனுப்பும் நிரலில், தரவு வளர வளர இந்த எண்ணிக்கையும் வளரும். நாள்பட்ட மந்தத்துக்கு இது மிகச் சாதாரணமான காரணம். ஆனால் தரவுத்தளத்துக்குள் மட்டும் தேடுபவர் கண்ணில் படாது.

எந்தக் குவெரி நேரத்தைத் தின்கிறது

போஸ்ட்கிரெஸ்ஸில், ஒவ்வொரு குவெரியும் எத்தனை முறை, எவ்வளவு நேரம் ஓடியது என்று கணக்கு வைக்கும் பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ் நீட்சியை இயக்கி வையுங்கள். அமைப்புக் கோப்பில் சேர்த்து ஒருமுறை மறுதொடக்கம் செய்தாக வேண்டும் என்பதால், சிக்கல் வருவதற்கு முன்பே செய்திருப்பது நல்லது. பார்க்கும்போது சராசரி நேரத்தை வைத்து வரிசைப்படுத்தாமல் மொத்த நேரத்தை வைத்து வரிசைப்படுத்துங்கள். 40 விநாடி எடுக்கும் அறிக்கை ஒரு மணி நேரத்தில் இருமுறை ஓடினால் 80 விநாடிகள். 4 மில்லி விநாடி எடுக்கும் குட்டிக் குவெரி அதே மணி நேரத்தில் 5 லட்சம் முறை ஓடினால் 2,000 விநாடிகள். எல்லோரும் திட்டுவது அந்த அறிக்கையை. சர்வரை உண்மையில் அழுத்துவது இந்தக் குட்டி.

இந்தக் கணக்குகள் கடைசியாக அழிக்கப்பட்ட நாளிலிருந்து கூடிக்கொண்டே போகும் எண்கள். எனவே ஒரு முறை பார்ப்பதால் பெரிய பயன் இல்லை. ஒரு நாள் விட்டோ ஒரு வாரம் விட்டோ நகலெடுத்து, இரண்டு நகல்களின் வித்தியாசத்தைப் பாருங்கள். அழைப்பு எண்ணிக்கை ஏறி, சராசரி நேரம் அப்படியே இருந்தால் பயன்பாடு கூடியிருக்கிறது அல்லது நிரல் தேவையின்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறது. எண்ணிக்கை அப்படியே இருந்து சராசரி ஏறியிருந்தால் தரவோ செயல்திட்டமோ காரணம். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

மைஎஸ்கியூஎல்லில் மெதுவான குவெரிப் பதிவேடு உண்டு. ஆனால் அதன் இயல்பு வரம்பு 10 விநாடி. அதை மாற்றாமல் விட்டால் மேலே சொன்ன குட்டிக் குவெரி வாழ்நாளில் சிக்காது. எஸ்கியூஎல் சர்வரில் 2016 பதிப்பிலிருந்து குவெரி ஸ்டோர் இருக்கிறது. பழைய செயல்திட்டத்தையும் புதியதையும் அருகருகே வைத்துக் காட்டுவதால், மெல்ல வரும் மாற்றங்களைப் பிடிக்க அது மிக நல்ல கருவி.

செயல்திட்டத்தைப் படிக்கும்போது

குற்றவாளிக் குவெரி கிடைத்ததும், அதன் செயல்திட்டத்தைக் காட்டும் எக்ஸ்பிளெயின் அனலைஸ் கட்டளையைப் பஃபர்ஸ் தேர்வையும் சேர்த்து ஓட்டுங்கள். கவனம்: இது குவெரியை உண்மையிலேயே இயக்கும். திருத்தும் அல்லது நீக்கும் கட்டளை என்றால் டிரான்சாக்ஷனுக்குள் ஓட்டி, முடிந்ததும் ரோல்பேக் செய்து மாற்றத்தைத் திரும்பப் பெற்றுவிடுங்கள். எந்தப் பயனர் புகார் சொன்னாரோ அவருடைய மதிப்புகளையே கொடுங்கள். சோதனைக்காக நாம் உருவாக்கிய வாடிக்கையாளருக்கு மூன்று வரிசை இருக்கும். பத்தாண்டு பழைய வாடிக்கையாளருக்கு மூன்று லட்சம் இருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது நேரத்தை அல்ல, எதிர்பார்த்த வரிசைகளுக்கும் வந்த வரிசைகளுக்கும் இடையிலான இடைவெளியை. ஒரு வரிசை வரும் என்று கணித்த இடத்தில் 40,000 வந்திருந்தால், அதன் மேல் கட்டப்பட்ட நெஸ்டட் லூப் (ஒவ்வொரு வரிசைக்கும் உள்ளே ஒருமுறை தேடும் சுற்று) 40,000 முறை சுற்றியிருக்கும். இங்கே பலர் ஏமாறும் ஓர் இடம் உண்டு: உள்சுற்றில் காட்டப்படும் நேரம் ஒரு சுற்றின் சராசரி. 0.05 மில்லி விநாடி என்று பார்த்துவிட்டுக் கடந்து போகாதீர்கள். லூப்ஸ் எண்ணிக்கையால் பெருக்கினால் 2 விநாடி வரும்.

கணிப்பு தவறினால் புள்ளிவிவரம் பழையதாகியிருக்கலாம். அந்தப் புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கும் தானியங்கி அனலைஸ் இயல்பாக, அட்டவணையில் 10 சதவீதமும் கூடவே 50 வரிசைகளும் மாறிய பிறகுதான் ஓடும். 10 கோடி வரிசை கொண்ட அட்டவணையில் அது 1 கோடி மாற்றம். சின்ன அட்டவணைக்குப் பொருந்திய விதி, அட்டவணை வளர வளரப் பொருந்தாமல் போகிறது. கையால் அனலைஸ் கட்டளை கொடுத்துப் பார்ப்பது மலிவான சோதனை. முதலில் அதைச் செய்யுங்கள்.

இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் துணைப் பட்டியல்) பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், எனவே ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஃபாரின் கீ (வேறோர் அட்டவணையின் வரிசையைச் சுட்டும் மதிப்பு) இருக்கும் நெடுவரிசைக்குப் போஸ்ட்கிரெஸ் தானாக இண்டெக்ஸ் போடாது. மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி போட்டுவிடும். தாய் அட்டவணையில் ஒரு வரிசையை நீக்கும்போது, சேய் அட்டவணையில் அதைச் சுட்டும் வரிசை இருக்கிறதா என்று போஸ்ட்கிரெஸ் தேடியாக வேண்டும். இண்டெக்ஸ் இல்லையென்றால் முழு அட்டவணையையும் படிக்கும். தொடங்கிய ஆண்டில் யாருக்கும் தெரியாது. சேய் அட்டவணை கோடியைத் தொடும்போது ஒரே ஒரு வரிசையை நீக்கப் பல விநாடிகள் ஆகும். செயல்திட்டத்தின் மேல்பகுதியில் எல்லாம் வேகமாகவே தெரியும். அடியில் டிரிக்கர் என்று தொடங்கும் வரியில்தான் அத்தனை நேரமும் இருக்கும். அந்த அடிவரியைப் படிக்காமல் மூடிவிடாதீர்கள்.

செத்த வரிசைகளும் திறந்து கிடக்கும் டிரான்சாக்ஷனும்

நாள்பட்ட மந்தம் என்று என்னிடம் வருபவற்றில் என்னை அதிகம் வேலை வாங்குவது இதுதான். போஸ்ட்கிரெஸ்ஸில் ஒரு வரிசையைத் திருத்தினால் பழைய வடிவம் அங்கேயே கிடக்கும், புதிய வடிவம் ஒன்று எழுதப்படும். பழையதை யாரும் இனிப் பார்க்க முடியாது என்று உறுதியான பிறகு வேக்யூம் வந்து துப்புரவு செய்யும். "யாரும் பார்க்க முடியாது" என்பதில்தான் சிக்கல். எங்கோ ஒரு டிரான்சாக்ஷன் திறந்தபடி இருந்தால், அது தொடங்கிய பிறகு செத்த வரிசைகளை வேக்யூமால் தொட முடியாது. ஓடும், எதையும் நீக்காமல் திரும்பும், மீண்டும் ஓடும்.

நான் பார்த்த ஒரு பணி ஒதுக்கீட்டு மென்பொருளில் செய்ய வேண்டிய வேலைகளின் அட்டவணை ஒன்று இருந்தது. வேலை வரும், நிலை மாறும், முடிந்ததும் நீங்கும். எந்த நேரத்தில் எண்ணினாலும் உயிருள்ள வரிசைகள் சில நூறுதான். அட்டவணையின் அளவோ பல ஜிபி. அடுத்த வேலை எது என்று கேட்கும் எளிய குவெரி, அந்தச் சில நூறைக் கண்டுபிடிக்க லட்சக்கணக்கான செத்த வரிசைகளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. பிஜி_ஸ்டாட்_யூசர்_டேபிள்ஸில் கடைசியாகத் தானியங்கி வேக்யூம் ஓடிய நேரம் ஒரு நிமிடத்துக்கு முன் என்று இருந்தது. வேக்யூம் ஓடுகிறதே, பிறகு ஏன் என்று அங்கிருந்தவர்கள் குழம்பியிருந்தார்கள். பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியை எக்ஸாக்ட்_ஸ்டார்ட் நெடுவரிசைப்படி வரிசைப்படுத்தினோம். முதல் வரியில் முந்தின வாரத்துத் தேதி. நிலை: ஐடில் இன் டிரான்சாக்ஷன். யாரோ ஒருவர் மேலாண்மைக் கருவியில் ஒரு வரிசையைத் திருத்திவிட்டு, அதை உறுதிசெய்யும் கமிட் கட்டளை கொடுக்காமல் கணினியைத் திறந்தபடியே விட்டிருந்தார். அந்த ஓர் இணைப்பை முடித்ததும், அடுத்து வந்த வேக்யூம் குப்பை முழுவதையும் வாரியது.

நுணுக்கமாகச் சொன்னால், சும்மா கிடக்கும் எல்லா டிரான்சாக்ஷனும் வேக்யூமைத் தடுப்பதில்லை. இயல்பான ரீட் கமிட்டெட் நிலையில் (ஒவ்வொரு குவெரியும் அந்த நேரத்துத் தரவைப் பார்க்கும்), படிப்பதை மட்டும் முடித்துவிட்டுக் காத்திருப்பது தடுக்காது. ஏதேனும் எழுதியிருந்தால், முடிவுகளைச் சிறிது சிறிதாக எடுக்கும் கர்சரைத் திறந்து வைத்திருந்தால், அல்லது முதலில் பார்த்த தரவையே கடைசிவரை பார்க்கும் ரிப்பீட்டபிள் ரீட் நிலையில் இருந்தால் தடுக்கும். பேக்எண்ட்_எக்ஸ்ஐடி, பேக்எண்ட்_எக்ஸ்மின் நெடுவரிசைகளில் மதிப்பு இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். அங்கே எதுவும் சிக்கவில்லை என்றால் இன்னும் இரண்டு மறைவிடங்கள் உண்டு: நகல் சர்வருக்காக மாற்றங்களைப் பிடித்து வைத்து, யாரும் எடுக்காமல் விட்ட ரெப்ளிகேஷன் ஸ்லாட்; இரண்டு கட்டமாக முடிக்க வேண்டியதில் இரண்டாம் கட்டம் முடிக்கப்படாத பிரிப்பேர்டு டிரான்சாக்ஷன்.

தடையை நீக்கிய பிறகு, ஐடில்_இன்_டிரான்சாக்ஷன்_செஷன்_டைம்அவுட் அமைப்புக்கு ஒரு வரம்பு கொடுங்கள், 9.6 பதிப்பிலிருந்து இருக்கிறது. பெரிய அட்டவணைகளுக்குத் தானியங்கி வேக்யூமின் விகிதத்தைக் குறையுங்கள். இயல்பு மதிப்பு 0.2, அதாவது 10 கோடி வரிசையில் 2 கோடி சாகும்வரை அது காத்திருக்கும். அத்தகைய அட்டவணைக்கு மட்டும் 0.01 அல்லது 0.02 என்று வைப்பது என் வழக்கம். "வேக்யூம் சுமை தருகிறது, நிறுத்திவிடலாம்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆனால் அட்டவணையையே திரும்ப எழுதும் வேக்யூம் ஃபுல் வேறு: அது அட்டவணையை முழுவதுமாகப் பூட்டிவிடும், படிக்கக்கூட முடியாது. எல்லோரும் வேலை செய்யும் நேரத்தில் அதைக் கொடுப்பது நினைத்தும் பார்க்கக் கூடாத செயல்.

இன்னோடிபியிலும் இதே நோய் உண்டு, உருவம்தான் வேறு. ஷோ எஞ்சின் இன்னோடிபி ஸ்டேட்டஸ் காட்டும் பட்டியலில் ஹிஸ்டரி லிஸ்ட் லெங்த் என்ற எண் இறங்காமல் ஏறிக்கொண்டே போனால், அங்கும் யாரோ ஒருவர் டிரான்சாக்ஷனைத் திறந்து வைத்திருக்கிறார்.

கூட்ட நேரத்தில் மட்டும் மெதுவாக இருந்தால்

உச்ச நேரத்தில் பத்து நிமிடம், விநாடிக்கு ஒருமுறை ஒவ்வோர் இணைப்பும் எதற்காகக் காத்திருக்கிறது என்று சொல்லும், பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியின் வெயிட்_ஈவென்ட் நெடுவரிசையை எண்ணிப் பதிவு செய்யும் சிறு நிரல் ஒன்று எழுதுங்கள். எது அதிகம் வருகிறதோ அதுதான் உங்கள் பதில். பூட்டு என்று வந்தால், யார் தடுக்கிறார்கள் என்று காட்டும் பிஜி_பிளாக்கிங்_பிஐடிஸ் மூலம் சங்கிலியைப் பிடித்து, அதன் தலைக்குப் போங்கள். இடையில் காத்திருப்பவர்களை முடித்துப் பயனில்லை. தலையில் இருப்பவர் பெரும்பாலும் எதையும் இயக்கிக்கொண்டிருக்க மாட்டார்; அதனால்தான் "ஓடும் குவெரிகள்" பட்டியலில் அவர் தெரிவதில்லை. லாக்_லாக்_வெயிட்ஸ் அமைப்பை இயக்கினால், 1 விநாடிக்கு மேல் பூட்டுக்காகக் காத்திருப்பவை தாமாகவே பதிவேட்டில் விழும்.

ஒரு வகைப் பூட்டுச் சிக்கலைத் தனியாகச் சொல்ல வேண்டும். பில் எண்ணுக்கென்று ஒரே ஒரு வரிசை வைத்து, ஒவ்வொருவரும் அதில் ஒன்றைக் கூட்டி எடுத்துக்கொள்ளும் அமைப்பு. டிரான்சாக்ஷனின் தொடக்கத்திலேயே எண்ணை எடுத்துவிட்டு, மற்ற வேலைகளுக்கு 200 மில்லி விநாடி ஆகிறது என்றால், விநாடிக்கு 5 பில்லுக்கு மேல் போட முடியாது. எவ்வளவு பெரிய சர்வர் வாங்கினாலும் 5தான். பத்துப் பேர் இருந்தபோது இந்த வரம்பு தெரியவில்லை, நூறு பேர் வந்ததும் தெரிகிறது. எண்ணை டிரான்சாக்ஷனின் கடைசிப் படியில் எடுக்கும்படி மாற்றுங்கள். இடையில் எண் விடுபட்டாலும் பரவாயில்லை என்றால், யாரையும் காக்க வைக்காமல் அடுத்த எண்ணைத் தரும் சீக்வென்ஸ் பயன்படுத்துங்கள்.

பூட்டு இல்லை, சிபியுவும் ஓய்வாக இருக்கிறது, ஆனாலும் பயனர் காத்திருக்கிறார் என்றால், மென்பொருள் திறந்து வைத்துப் பயனர்களுக்கு மாற்றி மாற்றித் தரும் இணைப்புத் தொகுப்பைப் பாருங்கள். மென்பொருள் பக்கத்தில் 20 இணைப்புதான் என்று வரம்பு வைத்து, 21ஆவது ஆள் அங்கேயே வரிசையில் நின்றால் தரவுத்தளத்துக்கு அவரைத் தெரியவே தெரியாது. தொகுப்பிலிருந்து இணைப்பு கிடைக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை மென்பொருளிலேயே அளந்து எழுதி வையுங்கள். பிழை நேரும் பாதையில் இணைப்பைத் திருப்பித் தராத நிரல் ஒன்று இருந்தால், அந்த 20 சிறிது சிறிதாக 12 ஆகும், 5 ஆகும். போஸ்ட்கிரெஸ்ஸின் இயல்பான 100 இணைப்பு வரம்பை 1,000 ஆக உயர்த்துவது இதற்கு மருந்து அன்று. அங்கே ஒவ்வோர் இணைப்பும் தனி ஒரு செயல்முறை. கூட்டினால் நெரிசல்தான் கூடும்.

நினைவகம் பற்றிச் சுருக்கமாக: தரவை நினைவகத்தில் வைத்திருக்க ஒதுக்கும் போஸ்ட்கிரெஸ்ஸின் ஷேர்டு_பஃபர்ஸ், இன்னோடிபியின் பஃபர் பூல் இரண்டுக்கும் இயல்பு மதிப்பு 128 எம்பி. நிறுவிய நாளிலிருந்து யாரும் தொடாமல் அப்படியே விட்டிருக்கும் சர்வர்களை இன்றும் பார்க்கிறேன். வரிசைப்படுத்தும் வேலை நினைவகத்தில் அடங்காமல் வட்டுக்குப் போனால், செயல்திட்டத்தில் எக்ஸ்டர்னல் மெர்ஜ் என்று தெரியும். அப்போது அந்தக் குவெரிக்கு மட்டும், இத்தகைய வேலைக்கு ஒதுக்கும் நினைவக அளவான வொர்க்_மெம் உயர்த்திப் பாருங்கள். எல்லோருக்கும் சேர்த்து உயர்த்தினால் உச்ச நேரத்தில் நினைவகமே தீர்ந்துவிடும்.

மைக்ரோசாஃப்ட் அக்சஸ் கோப்பைப் பொது இயக்ககத்தில் வைத்துப் பலர் பயன்படுத்தும் இடங்களுக்குக் கதை வேறு. அட்டவணைகள் ஒரு கோப்பிலும் திரைகள் வேறு கோப்பிலுமாகப் பிரித்து, திரைக் கோப்பை ஒவ்வொருவர் கணினியிலும் தனித்தனியாக வையுங்கள். யாரும் பயன்படுத்தாத நேரத்தில் காம்பாக்ட் செய்யுங்கள். கோப்பின் உச்சவரம்பு 2 ஜிபி. அதை நெருங்குவதற்கு முன்பே சர்வர் வகைத் தரவுத்தளத்துக்கு மாறத் திட்டமிடுங்கள்.

திருத்தும்போதும் அதன் பிறகும்

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். இரண்டு இண்டெக்ஸும் மூன்று அமைப்பும் ஒன்றாக மாற்றி வேகம் வந்தால், எது வேலை செய்தது என்று தெரியாது. அடுத்த ஆண்டு அதே நோய் வரும்போது மீண்டும் முதலிலிருந்து தேட வேண்டும். ஓடும் சர்வரில் இண்டெக்ஸ் போடும்போது கன்கரன்ட்லி சொல்லைச் சேருங்கள். இல்லையென்றால் அது முடியும்வரை அந்த அட்டவணையில் யாராலும் எழுத முடியாது. அட்டவணையின் அமைப்பை மாற்றும் கட்டளைக்கு முன், பூட்டுக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்ற வரம்பான லாக்_டைம்அவுட் வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட அறிக்கை ஒன்றின் பின்னால் அந்தக் கட்டளை காத்து நின்றால், அதன் பின்னால் வரும் அத்தனை பேரும் நிற்பார்கள்.

பிறகு, ஒவ்வோர் இரவும் ஐந்தே எண்களை ஓர் அட்டவணையில் சேமித்து வாருங்கள்: பெரிய அட்டவணைகளின் அளவு, அவற்றின் செத்த வரிசைகள், குவெரி வாரியாக அழைப்பும் மொத்த நேரமும், அன்றைய மிக நீண்ட டிரான்சாக்ஷனின் வயது, உச்ச நேர இணைப்பு எண்ணிக்கை. கடைசி இரண்டும் இரவில் கிடைக்காது. பகலில் நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து, பெரியதை வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறை ஒருவர் "கொஞ்ச நாளாகவே மெதுவாக இருக்கிறது" என்று சொல்லும்போது, அந்தக் கொஞ்ச நாள் எந்தத் தேதியில் தொடங்கியது, அன்று எந்த எண் ஏறத் தொடங்கியது என்று இந்த அட்டவணையிலேயே பார்த்துக்கொள்ளலாம்.